ஊன்குழற் பகுப்பியல்

பயில்வோய், கேள். கொத்திய ஊனும் கொழுப்பும் குடலுறையுள் செறித்து முறுக்கப்படுவது ஊன்குழல்; சாசேசு என்பர் பிறர். செருமானிய ஊன்வினைஞர் இதனைச் செய்முறை நோக்கிப் பச்சைக்குழல், வெந்நீர்க்குழல், முன்வேவுக்குழல் என மூன்றாக வகுப்பர். அது செய்வோர் பகுப்பு, அடுக்களையோடு நிற்கும். உண்போர் ஒழுக்கம் நோக்கி யாம் வகுப்பன நான்கு.

1. பொழுதுக்குழல். மியூனிக் மாநகரின் வெண்குழல் இது. இளங்கன்றின் ஊன், பன்றிக்கொழுப்பு, பார்சுலி இலை, எலுமிச்சைத் தோல் ஆகியன சேர்ந்தது. 1857 பிப்ரவரி 22 அன்று மரியன்பிளாட்சு விடுதி ஒன்றில் செப் மோசர் என்பார் முதலில் செய்தார் என்பது ஊர்வழக்கு, வழக்கென்றே கொள்க. நண்பகல் மணியோசை இதன் செவியில் படலாகாது. குளிர்ப்பெட்டி தோன்றாத நாளில், புகையூட்டாத இக்குழல் உச்சிப்பொழுதைத் தாங்காமையின் இந்நெறி எழுந்தது. பெட்டி வந்தது, நெறி போகவில்லை.

இஃது உண்ணுமுறையால் மூன்றாம். உறிஞ்சல்: நுனியைக் கடித்து நீக்கி, இனிப்புக் கடுகுச்சாந்தில் தோய்த்து, பல்லும் உதடும் கூட்டி உள்ளீட்டை இழுத்து, தோலை வெறுங்கூடாய்த் தட்டில் இடுதல். இது மேலும் ஒலியுறிஞ்சல், ஒலியில் உறிஞ்சல் என இரண்டாம். பின்னது நூலில் உண்டு, உணவறையில் கண்டாரில்லை. நெடுங்கீறல்: கத்தியால் நீளவாட்டில் கீறி உரித்தல். குறுக்குக்கீறல்: சாய்வாக வெட்டி உருட்டி உரித்தல். தோலோடு விழுங்குவார் வெளியூரார், வகைக்குள் அடங்கார். முறுக்கப்பமும் நுரைத்தேறலும் உடன் வரும். காலையிலேயே தேறலா என வினவற்க.

2. எண்ணுக்குழல். நூரம்பெர்க்கினது. 7 முதல் 9 செ.மீ. நீளம், 20 முதல் 25 கிராம் எடை, மருவின் மணம். ஒன்று தருக என்பார் இலர். தட்டில் ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என இரட்டையாய் வரும். தெருவிலோ சிற்றப்பத்துள் மூன்றாய் ஒற்றைப்படும். கதவடைத்த பின் பூட்டுத்துளை வழியே விற்றற்கே இச்சிறுமை என்றோர் ஊர்ப்பேச்சு உண்டு. துளைவழிக்குழல் எனத் தனிவகை வேண்டுமோ எனின், வேண்டா. மூடிய கதவு குழலின் பண்பன்று.

3. கையேந்துகுழல். துரிங்கியாவினது, கரித்தணலில் சுடுவது. ஆர்ன்சுடாட் கன்னியர் மடத்துக் கணக்கில் 1404இலேயே இதற்குக் குடலுறை வாங்கிய செலவு காணப்படும். 15 முதல் 20 செ.மீ. நீளமுடையதாகலின் சிற்றப்பத்துள் அடங்காது இருபுறமும் நீளும். முன்நீட்சி உண்போன் வாய்க்கு. பின்நீட்சியின் கடுகு அடுத்து நிற்போன் உடைக்கு.

4. நடைக்குழல். பிரேமன், ஓல்டன்பர்க் பக்கத்தது, பிங்கல் எனப்படும். குறுணையும் கொழுப்பும் அடைத்துப் பரட்டைக்கீரையோடு உண்பர். குளிர்நாளில் கைவண்டியில் தேறல் ஏற்றி, கூட்டமாய் நடந்து, விடுதி சேர்ந்தே உண்ணல் மரபு. நடவாது உண்டது நடைக்குழலன்று, வெறுங்குழல். உண்டபின் ஒருவனைக் கீரைவேந்தன் ஆக்குவர். அடுத்த ஆண்டு நடையை ஒழுங்கு செய்தல் அவ்வேந்தன் கடன். நடை இருவகை: செல்நடை, மீள்நடை. செல்நடை நேரியது. மீள்நடை பலவாறு வளையும். அவ்வளைவுகளை அடுத்த ஓத்தில் வரைந்து காட்டுதும். எழுதுகோல் கொணர்க.