போன வழியே திரும்பும் துப்பாக்கி

டல்லாஸில் இருக்கும் என் மருமகன் வாங்கிய ரைபிளில் ஏதோ கோளாறாம். ரிப்பேருக்கு மிக்ஸியை அனுப்புவதுபோல பார்சல் கட்டிக் கம்பெனிக்கு அனுப்பிவிடலாமா?
– மதுரை வாசகி

ரைபிளின் கோளாறு இருக்கட்டும், முதலில் மருமகனின் விசாவைக் கேளுங்கள். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதித்திருக்கிறது. மாநில அரசின் வேட்டை உரிமம் உள்ளவர் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரிவதில்லை. நண்பர்களோடு கடைக்குப் போய் ஆசைப்பட்டு வாங்கிவிட்டால் வழக்கு, நாடு கடத்தல் என்று வாழ்க்கையே புரண்டுவிடும். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை.

அவர் சட்டப்படி வைத்திருப்பவர்தான் என்றால் அனுப்பலாம். உரிமம் பெற்ற டீலருக்கோ தயாரிப்பாளருக்கோ, அவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், பழுது பார்க்க அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் சட்டம் அனுமதித்தாலும் கூரியர் கவுன்டரில் வாங்கமாட்டார்கள். பெரிய தனியார் கூரியர் நிறுவனங்கள் உரிமம் உள்ளவர்களின் துப்பாக்கிப் பார்சலை மட்டுமே எடுக்கின்றன. அதனால் கம்பெனிக்குப் போன் செய்து, அவர்கள் சொல்லும் வழியில் அனுப்புவதே நல்லது. அல்லது உள்ளூர் டீலர் மூலமாக அனுப்பலாம். தோட்டா ஒன்றுகூடப் பெட்டியில் போகக் கூடாது. ‘எடுத்துவிட்டேன்’ என்ற நினைப்பை நம்ப வேண்டாம். தோட்டா அறையைத் திறந்து, கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழுது பார்த்த துப்பாக்கி திரும்பி வரும்போது மறுபடி படிவம், பின்னணிச் சோதனை எல்லாம் உண்டா?
– சேலம் வாசகர்

இல்லை. கடையில் வாங்கும்போது நிரப்பும் 4473 படிவம் இங்கே தேவைப்படாது. கொடுத்தவர் கைக்கே திரும்புவதால் நேராக வீட்டுக்கே அனுப்பலாம். பழுது பார்க்க முடியாமல் அதே வகையில் வேறு துப்பாக்கி கொடுத்தாலும் இந்தச் சலுகை உண்டு.

அடகு வைத்து மீட்டால் மட்டும் கதை வேறு. அது தன்னுடைய துப்பாக்கியாகவே இருந்தாலும் புதிதாக வாங்குபவரைப்போல படிவம் நிரப்பி, சோதனையில் தேறித்தான் எடுத்துப்போக முடியும். அடகில் இருந்த காலத்தில் அந்த ஆள்மீது குற்றத் தீர்ப்போ குடும்ப வன்முறைத் தடையுத்தரவோ வந்திருக்கலாம் அல்லவா? எனக்கு இது மிக நியாயமாகப் படுகிறது.

துப்பாக்கியைப் பிரித்துப் பகுதி பகுதியாக அனுப்பினால் இந்த விதிகள் பொருந்தாதுதானே?
– கோவை வாசகர்

பொருந்தும். வரிசை எண் பொறித்த உடற்பகுதி மட்டும் தனியாக இருந்தாலும் அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் அது முழுத் துப்பாக்கி.

ஒரு பார்சலுக்கு இத்தனை கெடுபிடி ஏன்?
– திருச்சி வாசகர்

ஒரு பார்சலால்தான். 1963-இல் லீ ஹார்வி ஆஸ்வால்டு பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, ஏ. ஹிடெல் என்ற பொய்ப் பெயரில், சிகாகோ கடை ஒன்றுக்குக் கூப்பன் அனுப்பினான். தொலைநோக்கி பொருத்திய இத்தாலிய ரைபிள். விலை 19.95 டாலர், அனுப்பும் செலவு ஒன்றரை டாலர். டல்லாஸ் தபால் பெட்டிக்கு அது வந்து சேர்ந்தது. அந்த நவம்பர் 22 அன்று அதிபர் கென்னடி அந்த ரைபிளால் சுடப்பட்டு இறந்தார்.

கைத்துப்பாக்கிகளைத் தபாலில் அனுப்ப அமெரிக்க காங்கிரஸ் 1927-லேயே தடை போட்டிருந்தது. ஆனால் அந்தத் தடை அரசுத் தபாலுக்கு மட்டும். அதே ஆஸ்வால்டு வாங்கிய ஒரு ரிவால்வர் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து தனியார் பார்சல் நிறுவனம் வழியாக வந்து சேர்ந்தது. வாசல் கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லையைத் திறந்துவைத்த சட்டம் அது.

கென்னடி கொலைக்குப் பிறகும் ஐந்து ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். 1968-இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் அடுத்தடுத்துச் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகே, அந்த அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வெளிமாநிலக் கடையிலிருந்து தனிநபர் வீட்டுக்கு நேராக வரும் விற்பனை அதோடு நின்றது. டீலர் ஒவ்வொரு துப்பாக்கியின் வரவையும் பட்டுவாடாவையும் வரிசை எண்ணோடு பேரேட்டில் எழுதியாக வேண்டும். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்கு அதுவே சாட்சி. அந்தப் பேரேட்டை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பெட்டியின் மேல் ‘துப்பாக்கி, கவனம்’ என்று எழுத வேண்டாமா?
– நாகர்கோவில் வாசகி

கூடவே கூடாது. திருடனுக்கு நாமே விலாசம் எழுதிக் கொடுத்ததாகிவிடும். அப்படி எழுதும்படி கூரியர் நிறுவனம் வற்புறுத்தவும் அமெரிக்கச் சட்டம் தடை விதிக்கிறது.

அப்பா காலமாகிவிட்டார். அவருடைய உரிமத் துப்பாக்கி பீரோவில் இருக்கிறது. என்ன செய்வது?
– காரைக்குடி வாசகர்

உரிமம் அப்பாவின் பெயருக்குத் தரப்பட்டது. அவரோடு அது முடிந்துவிட்டது. இப்போது அது உரிமமில்லாத ஆயுதம். இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். நினைவுப்பொருளாக வைத்துக்கொள்ள ஆசையென்றால், ஒப்படைத்துவிட்டு உங்கள் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பியுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்குப் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளே அனுமதி என்பதையும் கணக்கில் வையுங்கள். பார்சல், பஸ், தெரிந்த பையன் என்று யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். முதலில் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி கொண்டுபோய்க் கொடுங்கள். வரிசை எண் எழுதிய ரசீதைக் கையோடு வாங்குங்கள். தயவுசெய்து இந்த வாரமே செய்துவிடுங்கள், வீட்டில் பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வயதாக இருக்கலாம்.