அரைஞாண் கயிற்றில் குரு பகவான்

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்தபோது, எங்கள் பக்கம் வேலை கொடுப்பவர் குரு பகவான்தான் என்று ஊரே நம்பியது. எனக்குக் குரு பலம் இல்லையாம். கனக புஷ்பராகம் போட்டால் கம்பெனியில் கூப்பிடுவார்களாம். அப்பா கறவை மாட்டை விற்றார். இலங்கை ரத்தினபுரிக் கல் என்றார் ஆசாரி. வியாழக்கிழமை பாலில் கழுவி, தங்கத்தில் கட்டி, ஆள்காட்டி விரலில், கல் தோலைத் தொடும்படி. கோவிந்தவாடி தட்சிணாமூர்த்திக்குக் கொண்டைக்கடலை மாலை தனி.

உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. முதல் நாளே சூப்பர்வைசர், "மோதிரத்தைக் கழற்றுப்பா, மெஷின்ல மாட்டினா விரல் போயிடும்" என்றார். வேலை வாங்கிக் கொடுத்தவருக்கு உள்ளே அனுமதி இல்லை! அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டேன். தோலைத் தொட்டால் சரிதானே?

என்னைப் போட்டது கிரைண்டிங்கில். அந்தச் சக்கரத்தில் அறுப்பது அலுமினியம் ஆக்சைடு. இடுப்பில் தொங்கிய புஷ்பராகமும் அதேதான்: குருந்தம், கடினம் 9, துளி இரும்பு சேர்ந்ததால் மஞ்சள். மாட்டை விற்று நாங்கள் வாங்கிய சரக்கைக் கம்பெனி கிலோக் கணக்கில் வாங்கித் தேய்த்துக் குப்பையில் கொட்டியது.

இப்போது பிள்ளைகளுக்கு ராசி போதவில்லை, பிறந்த மாதத்துக்கும் கல் வேண்டும். என் மகள் நவம்பர், சிட்ரினாம். அந்தப் பட்டியலை 1912-ல் போட்டவர்கள் ரிஷிகள் அல்லர், அமெரிக்க நகை வியாபாரிகள். அப்போது நவம்பருக்கு டோபாஸ் மட்டும். 1952-ல் சிட்ரினும் சேர்ந்தது. கடையில் கிடைக்கும் சிட்ரினில் பெரும்பகுதி, உலையில் சுட்டு மஞ்சளாக்கிய செவ்வந்திக்கல். இரண்டுமே குவார்ட்ஸ். செல்போனுக்குள் நேரம் பிசகாமல் துடிப்பதும் குவார்ட்ஸ்தான். அப்படிப்பட்ட போன்களைக் கோடிக்கணக்கில் செய்த ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014-ல் உற்பத்தியை நிறுத்தியது, நவம்பர் முதல் தேதி.

ஒரகடத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகும் பையன்களுக்கு ஜோசியர் இப்போது புஷ்பராகம் எழுதுவதில்லை. குரு ஒரு ராசியில் ஏறக்குறைய ஓராண்டுதான் இருப்பார். இவர்களும் கம்பெனியில் அவ்வளவுதான் இருப்பார்கள். அதற்குச் சிட்ரினே போதும் என்கிறார்.