பட்டம் துறந்தவரும் பதவி துறந்தவரும்

கேள்வி: இங்கிலாந்தில் பிரபு வம்சத்தவர் பிரதமர் ஆனார்கள். நம் விழுப்புரம் பக்கம் அப்படி யாராவது உண்டா? (வாசகர், திண்டிவனம்)

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பிரதமர் இருந்தார்! ஓமந்தூரில் 1895-ல் நிலபுலன் உள்ள விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஓ.பி. ராமசாமி ரெட்டியார். 1947 மார்ச்சில் அவர் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். முதலமைச்சரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்.

அங்கே டக்ளஸ் ஹியூம் என்ற பிரபு, 1963-ல் பிரதமராக நீடிப்பதற்காகப் பரம்பரைப் பட்டத்தைத் துறந்தார். நம் ஓமந்தூராரிடம் துறக்கப் பட்டம் ஏதும் இல்லை. அதனால் என்ன? 1948-ல் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றி, மாகாணத்து ஜமீன்தார்கள் அத்தனை பேரையும் துறக்க வைத்துவிட்டார்! தேவதாசி முறைக்குத் தடை, ஒடுக்கப்பட்டோர்க்குக் கோயில் கதவைத் திறந்த சட்டம் என்று 1947-லேயே பெரிய காரியங்களை முடித்திருந்தார்.

சிபாரிசுக்கு மசியாத மனிதரைக் கட்சிக்காரர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? எதிர்ப்பு வலுத்தது. 1949 ஏப்ரலில் பதவியை விட்டு இறங்கினார். பிறகு வள்ளலாரின் வடலூருக்குப் போய், ஆதரவற்ற பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கும் பணியில் இறங்கிவிட்டார்.

பதவிக்காகப் பட்டத்தை விட்டவர் கெட்டிக்காரர். கொள்கைக்காகப் பதவியை விட்டவர் பெரியவர். அந்தப் பெரியவர் உங்கள் ஊர்க்காரர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுங்கள்!