கொடியில்லாத மேயர்

ஆஸ்திரேலியாவில் ஒரு மேயர், எந்தக் கட்சியும் இல்லாமல் எம்.எல்.ஏ. ஆனாராமே? (வாசகர், தென்காசி)

ஒருவரல்ல, பலர். நான் கவனித்துவருவது கிரெக் பைப்பரை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிட்னிக்கு வடக்கே லேக் மக்குவாரி என்று பெரிய உப்பு நீர் ஏரி. அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் அதே பெயர். அங்கே 1991இல் கவுன்சிலர், 2004இல் மேயர், 2007இல் சட்டமன்ற உறுப்பினர், 2023இல் சபாநாயகர். ஒரே ஏரிக்கரையில் உட்கார்ந்தபடி நான்கு நாற்காலி!

சுயேச்சை என்றால் டெபாசிட்டே தேறாதே. இவர் எப்படி ஜெயித்தார்? (வாசகி, மன்னார்குடி)

அதுவும் எப்படிப்பட்ட தொகுதியில்! நிலக்கரிச் சுரங்கமும் அனல் மின் நிலையமும் உள்ள வட்டாரம். 1950இல் தொகுதி பிறந்த நாள் முதல் லேபர் கட்சியின் சொத்து. 1969 முதல் அப்பா மெர்வ் ஹன்டர், 1991 முதல் மகன் ஜெஃப் ஹன்டர். (இந்த ஏற்பாட்டை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.) 2007இல் மகனை மயிரிழையில் வீழ்த்தினார் பைப்பர்.

காரணம் இரண்டு. குப்பை வண்டி வராத காலையில் ஊர் திட்டுவது முதலமைச்சரை அல்ல, மேயரை. மூன்று வருடம் திட்டு வாங்கியவரின் பெயர் ஊருக்கே மனப்பாடம். கட்சிகள் கொடி, போஸ்டர் என்று செலவழித்து வாங்குவதை இவர் ஓசியிலேயே சம்பாதித்திருந்தார்.

இன்னொன்று, ஓட்டுப் போடும் முறை. அங்கே வாக்காளர் 1, 2, 3 என்று எண் போட்டு வரிசைப்படுத்தலாம். 1 மட்டும் போட்டாலும் செல்லும். தன் கட்சி தேறாது என்று தெரிந்த லிபரல்காரர், இரண்டாவது எண்ணைச் சுயேச்சைக்குப் போடலாம். லிபரல் வேட்பாளர் கழிந்ததும் அந்த ஓட்டு இங்கே வந்து சேரும். ஆக, சுயேச்சை முதலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தால் போதும். மிச்சத்தை லேபர் மேல் உள்ள கோபம் பார்த்துக்கொள்ளும்.

மேயர், எம்.எல்.ஏ. இரண்டும் ஒரே நேரத்திலா? (வாசகர், கோவை)

ஐந்து வருடம் அப்படித்தான் ஓடியது. 2012இல் லிபரல்–நேஷனல் கூட்டணி அரசு சட்டம் போட்டது: சட்டமன்றமா, மாநகராட்சியா, ஒன்றைத் தொடு. குறி பைப்பர் அல்ல, சிட்னி மேயர் குளோவர் மூர். அவரும் சுயேச்சை, அவரும் எம்.எல்.ஏ. சட்டத்துக்கு ஊர் வைத்த பெயரே ‘குளோவரைப் பிடி’!

பைப்பர் சட்டமன்றத்தில் தங்கினார், மேயர் பதவியை விட்டார். குளோவர் மூர் நேர்மாறு. 1988 முதல் வைத்திருந்த சட்டமன்ற இடத்தை உதறிவிட்டு மேயராகவே இருந்துகொண்டார். அவர் விட்ட இடத்துக்கு இடைத்தேர்தலில் வந்தவர் அலெக்ஸ் கிரீன்விச், இன்னொரு சுயேச்சை! 2024இலும் சிட்னிக்குக் குளோவர் மூர்தான் மேயர். ஒருவருக்கு இரண்டு பதவி கூடாது என்பது நியாயமான கொள்கைதான். ஆனால் ஓர் ஆளைக் குறிவைத்துக் கொள்கை வகுத்தால் இப்படித்தான் முகத்தில் கரி.

சுயேச்சைக்குச் சபாநாயகர் பதவியை யார் தூக்கிக் கொடுப்பார்கள்? (வாசகி, யாழ்ப்பாணம்)

கூட்டல் கழித்தல் தெரிந்தவர்கள். 2023 தேர்தலில் மொத்தம் 93 இடங்களில் லேபருக்குக் கிடைத்தது 45. பெரும்பான்மைக்கு இரண்டு குறைவு. சபாநாயகர், ஓட்டுகள் சமமானால் மட்டுமே தன் ஓட்டைப் போடுவார். சொந்தக் கட்சிக்காரரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தால் 45, 44 ஆகிவிடும். பைப்பரை உட்காரவைத்தால் 45 அப்படியே இருக்கும். முதல்வர் கிறிஸ் மின்ஸ் பைப்பருக்குச் செய்த மரியாதை என்று இதைச் சொல்பவர்கள் சொல்லட்டும். எனக்கு இது மளிகைக் கடைக் கணக்கு.

பைப்பரும் சும்மா இருக்கவில்லை. கிரீன்விச், ஜோ மெக்கிர் ஆகிய இரு சுயேச்சைகளோடு சேர்ந்து, பட்ஜெட்டிலும் நம்பிக்கை வாக்கெடுப்பிலும் ஆட்சியைக் கவிழ்க்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தவர் அவர்.

கொறடா இல்லாத வாழ்க்கை சுகம்தானே? (வாசகர், மதுரை)

ஒவ்வொரு மசோதாவையும் தானே படிக்க வேண்டுமே! கட்சிக்காரருக்கு அந்தக் கஷ்டமில்லை. மணி அடித்ததும் கொறடா நிற்கும் பக்கம் போய் நின்றால் வேலை முடிந்தது.

சுயேச்சையாக ஜெயித்த மேயர் பிறகு கட்சியில் சேர்ந்தால்? (வாசகர், சேலம்)

ஆர்மிடேல் நகரின் முன்னாள் மேயர் ரிச்சர்ட் டோர்பேயைப் பாருங்கள். 1999 முதல் சுயேச்சை எம்.எல்.ஏ., 2007 முதல் 2011 வரை சபாநாயகர். பல்கலைக்கழகச் சமையலறையில் எடுபிடியாகத் தொடங்கி, அதே பல்கலைக்கழகத்துக்கு வேந்தரானவர். பிறகு நேஷனல் கட்சியின் வேட்பாளராக நாடாளுமன்றத்துக்குப் போகத் தயாரானார். 2013 மார்ச்சில் கட்சி ஆதரவை விலக்கிக்கொண்டது. சட்டமன்ற இடத்தையும் ராஜினாமா செய்தார். இடைத்தேர்தலில் அந்த இடம் நேஷனல் கட்சிக்கே போனது.

லேக் மக்குவாரியை லேபர் திரும்பப் பிடித்ததா? (அதே தென்காசி வாசகர்)

2011, 2015, 2019, 2023. நான்கு முறை முயன்றார்கள். நான்கு முறையும் பைப்பர்தான்.