டி.ஓ.பி. அண்ணாச்சி

சிலர் கதைக்காகப் படம் பார்ப்பார்கள், சிலர் பாட்டுக்காக. டி.ஓ.பி. (டேட் ஆஃப் பர்த்) அண்ணாச்சி வயசு பார்க்கப் போகிறவர். பெயர்கள் திரையில் ஓடும்போதே மனக்கணக்கைத் தொடங்கிவிடுவார். இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நிற்கும்போது, குடும்ப ரகசியம் சொல்வதுபோலக் காதருகே குனிவார்.

"முப்பத்திரெண்டு. போன செவ்வாக்கிழமைதான் முடிஞ்சிருக்கு."

2025 ஜூலையில், புனே விமான் நகர் பீனிக்ஸ் மாலில் புது சூப்பர்மேன் படத்துக்குப் போயிருந்தோம். டேவிட் கோரன்ஸ்வெட் பிறந்தது 1993 ஜூலை 8. படம் வந்தது ஜூலை 11. கட்டடங்கள் சரிகின்றன, ஊரே ஓடுகிறது, அண்ணாச்சி முகத்தில் மட்டும் தணிக்கை முடிந்த நிம்மதி. "1978-ல கிறிஸ்டோபர் ரீவ் வந்தான்லா, அப்போ அவனுக்கு இருபத்தாறு. ஆறு வருஷம் கூடுதல். போகட்டும், பறக்க வேண்டிய உடம்புதான்" என்று பாஸ் போட்டார்.

இவருடைய இனத்தார் எல்லா ஊரிலும் உண்டு. பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் கிரிக்கெட்டில் பந்தைப் பார்க்காமல் பவுலரின் மீசையைப் பார்ப்பார்கள். கல்யாண வீட்டில் மொய் எழுதுவதற்குள் மாப்பிள்ளைக்கு எத்தனை வயசு கூடுதல் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். இரங்கல் செய்தியில்கூட முதலில் தேடுவது அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணைத்தான். எங்கள் லோஹேகாவில் இருக்கிறவர் சூப்பர் ஹீரோ பிரிவில் ஸ்பெஷலிஸ்ட். பேரன் ஸ்பைடர்மேன் பனியன் போட ஆரம்பித்த நாளிலிருந்து இந்தச் சிறப்புத் தேர்ச்சி.

ஊர் திருநெல்வேலிப் பக்கம். விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராகச் சேர்ந்து வாரண்ட் ஆபீசராக ஓய்வு பெற்றவர். கடைசி போஸ்டிங் லோஹேகாவ். அப்படி வந்த பலரையும்போல, கேன்டீனும் ஆஸ்பத்திரியும் எட்டுகிற தூரத்தில் போர்வால் ரோட்டுப் பக்கம் ஒரு ஃப்ளாட் வாங்கி இங்கேயே தங்கிவிட்டார். சொசைட்டிப் பிள்ளைகளுக்கு அவர் டி.ஓ.பி. அங்கிள், தமிழ் பேசும் நாலு குடும்பத்துக்கு அண்ணாச்சி. பேச்சின் நடுவே சுகோய் விமானம் கிளம்பினால் லோஹேகாவ்காரர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம். அண்ணாச்சி மட்டும் ஒரு கையை உயர்த்தி நம்மை நிறுத்தி, மறு கையின் விரல்களில் யாருடைய வயசையோ கூட்டிக்கொண்டிருப்பார்.

"இந்த ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன் ஆரம்பிச்சது 1939. பேட்மேன் மொத கதை வந்ததும் 1939. ரெண்டு பேரும் ஒரே பேட்ச்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் தகவல். அந்த பேட்ச் ஒற்றுமையாலோ என்னவோ, பேட்மேன்மீது அவருக்குக் கொஞ்சம் கரிசனம். மைக்கேல் கீட்டன் 1989-ல் முப்பத்தேழு வயதில் போட்ட உடுப்பை 2023-ல் எழுபத்தொன்றில் மறுபடி போட்டபோதுகூட, "ரீ-எம்ப்ளாய்மென்ட்" என்று ஒரே வார்த்தையில் அனுமதித்துவிட்டார்.

ஸ்பைடர்மேனிடம் அந்தக் கரிசனம் செல்லாது. 1962-ல் வந்த முதல் கதையில் பீட்டர் பார்க்கருக்கு வயது பதினைந்து, பள்ளிக்கூடப் பையன். 2002-ல் அந்தப் பையனாக வந்த டோபி மக்வயருக்கு இருபத்தாறு முடிந்திருந்தது. 2012-ல் ஆண்ட்ரூ கார்ஃபீல்டுக்கு இருபத்தெட்டு. "இருபத்தெட்டு வயசுல ஸ்கூல் பையைத் தூக்கிட்டுப் போறான். எத்தனை தடவை வே பெயில் ஆகியிருப்பான்? அந்த வாத்தியாருக்கே இருபத்தெட்டு இருக்காதே!" டாம் ஹாலண்ட் 2016-ல் பத்தொன்பது வயதில் வந்தபோதுதான் கொஞ்சம் அடங்கினார். அதிலும் பிறந்த தேதியைப் பார்த்ததும் சந்தேகம் வந்துவிட்டது. 1996 ஜூன் 1.

"ஜூன் ஒண்ணா? இது ஹெட்மாஸ்டர் போட்ட தேதில்லா!"

மாதவனுக்கும் ஜூன் 1 என்றேன். அவரும் சந்தேகப் பட்டியலில் ஏறினார். நம் ஊரில் ஒரு தலைமுறையே ஜூன் முதல் தேதி பள்ளிக்கூட வாசலில் பிறந்தது. லண்டன் பையனுக்கு அந்த விதி பொருந்தாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

ஒருநாள் நானும் வம்புக்கு நின்றேன். "1962-ல பதினஞ்சுன்னா 2025-ல பீட்டர் பார்க்கருக்கு எழுபத்தெட்டு. வயசு பொருந்தணும்னா எழுபத்தெட்டு வயசு நடிகரைத்தானே போடணும் அண்ணாச்சி?"

சுகோய் எதுவும் போகவில்லை. இருந்தாலும் கையை உயர்த்தி நிறுத்தினார். வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்போ அவன் பென்ஷனர்" என்றார். அதன்பிறகு அவர் போன தூரத்துக்கு என்னால் போக முடியவில்லை. பென் மாமா செத்ததற்கு மே அத்தைக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்ததா? கேப்டன் அமெரிக்கா பிறந்தது 1918. போரில் விழுந்து அறுபத்தைந்து வருஷத்துக்கு மேல் பனிக்கட்டிக்குள் கிடந்தாரே, அந்தக் காலம் தகுதிச் சேவையில் சேருமா, சேராதா? எழும்பி வந்தவருக்கு நிலுவைத் தொகை எந்தச் சம்பளக் கமிஷன்படி? வோல்வரின் காமிக்ஸ் கணக்கில் நூறு வயதைத் தாண்டினவர். 2024-ல் ஹியூ ஜாக்மேனுக்கு ஐம்பத்தைந்துதான். "அண்டர் ஏஜ். செல்லாது."

இந்தச் சிக்கலை ஒழுங்காகத் தீர்த்தவர் ஒருவர்தான் என்பது அவர் முடிவு. காமிக்ஸில் சின்ன வயதில் படித்த வேதாளர். அப்பா போனால் மகன் அதே முகமூடியைப் போட்டுக்கொள்வான், ஊர் சாகாத மனுசன் என்று நம்பிக்கொண்டிருக்கும். இருபத்தொரு தலைமுறை. "வாரிசு வேலை வே! கருணை அடிப்படையில! அதை எழுதின லீ பால்க்குக்கு மட்டும்தான் ஆபீஸ் நடைமுறை தெரிஞ்சிருக்கு."

உள்ளூர் நாயகரையும் விட்டுவைக்கவில்லை. லோஹேகாவ் பக்திக் கவி துக்காராமின் தாய் பிறந்த ஊர். மராட்டிக்காரர்கள் அந்த உரிமையோடு பேசுவார்கள். அவர் வாழ்ந்தது நாற்பத்திரண்டு வருடம் என்பது பரவலான கணக்கு. இதே புனேயின் பிரபாத் கம்பெனி 1936-ல் எடுத்த படத்தில் துக்காராமாக வந்த விஷ்ணுபந்த் பாக்னீசுக்கு அப்போது நாற்பத்துநாலு. 1938-ல் தமிழில் துக்காராமாக நடித்த முசிறி சுப்பிரமணிய அய்யருக்கு முப்பத்தொன்பது. "ஒருத்தர் ரெண்டு கூட, ஒருத்தர் மூணு கொறச்சல். டாலரன்ஸுக்குள்ள இருக்கு" என்று இருவரையும் ஃபிட்டர் பாஷையில் தேற்றினார். பி.ஆர். சோப்ராவின் மகாபாரதத்தில் பீஷ்ம பிதாமகராக உட்கார்ந்திருந்த முகேஷ் கன்னாவுக்கு அப்போது முப்பது வயதுதான் என்று அறிந்த நாளில் மட்டும் அவருக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

இவ்வளவு கறாரான மனிதரின் ரெஜிஸ்டரில் ஒரு பக்கம் மட்டும் காலி. எம்.ஜி.ஆர். பிறந்தது 1917. 'உலகம் சுற்றும் வாலிபன்' வந்தது 1973. கழித்தால் ஐம்பத்தாறு. ஐம்பத்தாறு வயசு வாலிபனா என்று கேட்டுவிடாதீர்கள். "வாத்தியாருக்கு ஏது வே வயசு?" என்று எழுந்து போய்விடுவார், டீயைப் பாதியில் வைத்துவிட்டு.

மதினி அந்த நேரம் பார்த்து அடுக்களையிலிருந்து வருவார். "'குடியிருந்த கோயில்'ல அவருக்கு அம்மாவா வந்த பண்டரிபாய், அவரைவிடப் பத்து வயசுக்கு மேல சின்னவங்க. அவங்களே 'தெய்வமகன்'ல சிவாஜிக்குப் பொண்டாட்டி, இன்னும் ரெண்டு சிவாஜிக்கு அம்மா. மூணு பேருமே ஒரே சிவாஜி. அந்தக் கணக்கை மட்டும் இவுக போட மாட்டாக." எனக்கும் அது நெடுநாள் உறுத்தல். கதாநாயகனின் வயசு கூடினால் நாட்டுப் பிரச்சினை, அம்மா வேஷக்காரியின் வயசு குறைந்தால் அதற்குத் தயாரிப்பாளரின் சிக்கனம் என்று பெயர்.

அண்ணாச்சியின் டி.ஓ.பி. கதையைச் சொன்னதும் மதினிதான்.

சர்வீஸ் புத்தகத்தில் அவர் பிறந்த தேதி 1957 ஜூன் 1. அவருடைய அம்மா கடைசிவரை வேறு கணக்கு வைத்திருந்தார். "'நாடோடி மன்னன்' பாக்கப் போனப்போ நீ வயித்துல இருந்தே. கூட்டத்துல இடிச்சிருவாங்கன்னு ஒங்கப்பா குறுக்கே கையை நீட்டிட்டே நின்னாரு." அந்தப் படம் வந்தது 1958 ஆகஸ்ட் 22. பிள்ளை பிறந்தது அந்த மார்கழியில். 1962-ல் அண்ணன் பள்ளிக்கூடம் கிளம்பும்போது தம்பியையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். மத்தியானச் சாப்பாடு போட்டார்கள், அதுதான் காரணம். மூன்றரை வயசுப் பிள்ளையின் கை, தலையைச் சுற்றி மறு பக்கத்துக் காதைத் தொடுமா? தலைமையாசிரியர் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, விரலைக் கொஞ்சம் இழுத்து, காதையும் கொஞ்சம் மடக்கி எட்ட வைத்தார். ஜூன் ஒன்று, ஐந்து வயது முடிந்தது என்று எழுதினார். வயசைக் கூட்டிப் போட்டவரும் வாத்தியார், வயசே இல்லாதவரும் வாத்தியார்.

அப்படியே 1974 நவம்பரில் விமானப்படையில் சேர்ந்தார். காகிதத்தில் பதினேழரை. அம்மா கணக்கில் பதினாறு முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதாவது, அன்றைக்கு அவருக்குப் பீட்டர் பார்க்கரின் வயது. பக்கத்துக் கட்டில்காரன் சவரம் செய்வதைப் பார்த்து இவரும் தினமும் சோப்பு நுரையைப் பூசி, பிளேடு இல்லாத ரேஸரால் வழித்துக்கொள்வாராம். 2014 மே 31-ல் ஐம்பத்தேழு முடிந்ததென்று மாலை போட்டு அனுப்பிவைத்தபோது அவருக்கு உண்மையில் ஐம்பத்தைந்தரை. "ஒன்றரை வருஷச் சம்பளம்! அந்த வாத்தியார் காதை இழுத்ததுல போச்சு" என்று மதினி சொன்னபோது, ஹாலில் அண்ணாச்சி பேப்பரைச் சத்தமாகப் புரட்டினார்.

பிறகொரு நாள் நானாகவே கேட்டேன், விமானத்தின் வயசை எப்படிப் பார்ப்பீர்கள் என்று. அவருக்குப் பிடித்த பாடம்.

"வருஷத்தை வச்சு மட்டும் பாக்கக் கூடாது. எத்தனை மணி பறந்துச்சு, எத்தனை தடவை எறங்குச்சு, எங்கே கீறல் விட்டிருக்குன்னு பாக்கணும். மிக்-21 வந்தது 1963-ல. 2025 செப்டம்பர்லதான் விடை கொடுத்தாங்க. அறுபத்திரெண்டு வருஷம். ஓட்டுறவன் பேரன் வயசு. ஒரு பயலும் பொருந்தலேன்னு சொல்லலையே!"

"அதே கணக்கை நடிகர்களுக்கும் போட்டா என்ன அண்ணாச்சி?"

"வெமானத்துக்கு ஃபார்ம் 700 இருக்கு. ஒவ்வொரு தடவை பறக்கதுக்கு முன்னாடியும் பாத்தவன் கையெழுத்துப் போட்டிருப்பான். மனுசனுக்கு என்ன இருக்கு? ஹெட்மாஸ்டர் கையெழுத்து."

2024 நவம்பரில் நடந்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நவம்பர் ஓய்வூதியக்காரர்கள் உயிரோடு இருக்கிறோம் என்று சான்று கொடுக்கும் மாதம். அந்த மாதத்தில்தான் முகேஷ் கன்னா, அறுபத்தாறு வயதில், பழைய ஷக்திமான் உடுப்பை மறுபடி போட்டுக்கொண்டு ஒரு முன்னோட்டத்தில் தோன்றினார். நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு 1997-ல் தூர்தர்ஷன் கொடுத்த சூப்பர் ஹீரோ. பண்டிட் கங்காதர் வித்யாதர் மாயாதர் ஓம்கார்நாத் சாஸ்திரி என்று முழுப்பெயரையும் இன்றும் மூச்சு விடாமல் சொல்லும் நாற்பது வயதுக்காரர்கள் எங்கள் சொசைட்டியில் எட்டுப் பேராவது இருக்கிறார்கள். நடிப்புப் படித்தது இதே புனேயின் திரைப்படக் கல்லூரியில் என்று இங்கே கூடுதல் சொந்தம். இருந்தும் எல்லார் கைபேசியிலும் கேலிதான். வயிறு, கன்னம், சுற்றினால் தலை சுற்றுமே என்று. கட்டட வாட்ஸ்அப் குழுவே அண்ணாச்சியின் தீர்ப்புக்காகக் காத்திருந்தது. நாலைந்து பேர் அவர் பெயரைக் குறிப்பிட்டே கேட்டார்கள்.

அண்ணாச்சி பார்த்தார். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

முகேஷ் கன்னா பிறந்தது 1958. அண்ணாச்சி, காகிதப்படி அவரைவிட ஒரு வருடம் மூத்தவர். அம்மா கணக்குப்படி அவரும் 1958தான்.

போன வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு குப்பை போடக் கீழே இறங்கினேன். பார்க்கிங்கில், வேகன் ஆருக்கும் தூணுக்கும் இடையில், பேரன் ஒரு துண்டைத் தோளில் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். எதிரே அண்ணாச்சி. வேட்டியை மடித்துக் கட்டி, இடது கையை இடுப்பில் வைத்து, வலது கையை ஷக்திமான்போல மேலே தூக்கியிருந்தார். பேரன் "ஸ்டார்ட்" என்றான்.

ஒரு சுற்று முழுசாகச் சுற்றினார். இரண்டாவதில் பாதியில் வேகன் ஆரின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்துவிட்டார்.

"தாத்தா, உங்களுக்கு எத்தனை வயசு?" என்று கேட்டான் பேரன்.

அந்த நேரம் பார்த்து எந்த விமானமும் கிளம்பவில்லை. இருந்தாலும் அண்ணாச்சி கையை உயர்த்தி, கொஞ்சம் பொறு என்று வானத்தைக் காட்டினார். நானும் நின்று அண்ணாந்து பார்த்தேன்.