ஒண்ணே ஒண்ணு சார்

சென்னையிலும் ஒரு கே.கே. நகர் உண்டு. வடபழனிக்குப் பக்கம் என்பதால் அங்கே கதை சொல்லக் கிளம்பியவர்கள் வாடகைக்கு இருப்பார்கள். மதுரையில் இருக்கும் எங்கள் கே.கே. நகரில், கதையைக் கேட்டுவிட்டுத் திருத்தம் சொல்பவர்கள் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர் எங்கள் தெருவின் ‘ஒண்ணே ஒண்ணு சார்’.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. அது கரண்ட் பில்லில் இருக்கிறது. வயது 67. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். விடிகாலையில் வண்டியூர்க் கண்மாய்க் கரையில் நடை, அப்புறம் ஒரு டீ, அப்புறம் கருத்து. எதைக் காட்டினாலும் முதலில் மனம் திறந்து பாராட்டிவிடுவார். அந்த விஷயத்தில் கஞ்சத்தனமே கிடையாது. பாராட்டு முடிந்ததும் ஒரு மூச்சு வாங்குவார். வலது கை ஆள்காட்டி விரல் மெல்ல மேலே எழும்பும். “ஒண்ணே ஒண்ணு...”

எதிர்வீட்டுக்காரர் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, “வீடு சும்மா ஜம்முனு இருக்குப்பா. ஒண்ணே ஒண்ணு, மாடிப்படிய அங்கிட்டு வச்சிருக்கலாம்” என்றார். கல்யாணப் பந்தியில் கை கழுவிக்கொண்டே, “சாப்பாடு பிரமாதம். ஒண்ணே ஒண்ணு, சாம்பார்ல புளி தூக்கல்” என்றார். ஒருமுறை தாலி கட்டி முடித்து அட்சதை போட்ட கையோடு பெண்ணின் தகப்பனாரிடம், “மாப்பிள்ளை தங்கமான பையன். ஒண்ணே ஒண்ணு...” என்று தொடங்கினார். நல்லவேளை, நாதஸ்வரக்காரர் காப்பாற்றினார்.

கவனித்தீர்களா, எல்லாமே இனி மாற்ற முடியாது என்று ஆன பிறகுதான். சிமெண்ட் காயும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். அதனால் அவர் சொல்வதைக் கேட்டு யாருக்கும் எந்த நஷ்டமும் வந்ததில்லை, நிம்மதியைத் தவிர.

இந்த மனிதரிடம்தான் என் மகன் பேய்ப் படம் ஒன்றின் டிரெய்லரைக் காட்டிக் கருத்துக் கேட்டான். அவன் விஸ்காம் படிக்கிறான். கல்லூரியில் கொடுத்த வேலை மூன்று: பேய்ப் படத்துக்கு ஒரு டிரெய்லர், ஒரு போஸ்டர், இரண்டையும் பத்துப் பேருக்கு மேல் காட்டிக் கருத்து வாங்கி அதை எடைபோட்டு ஓர் அறிக்கை. முதல் இரண்டையும் ஒரே வாரத்தில் முடித்துவிட்டான். மூன்றாவதில்தான் உண்மையான பேய் இருந்தது.

“படம் எப்ப தம்பி எடுக்கப் போறீங்க?” என்று கேட்டார் சார்.

“படமெல்லாம் இல்ல அங்கிள். டிரெய்லர் மட்டும்தான்.”

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப நிச்சயதார்த்தம் மட்டும்தான், கல்யாணம் கிடையாதுங்கறான்!”

முதலில் போஸ்டரைச் சொல்லிவிடுகிறேன். கறுப்புப் பின்னணி. நடுவில் கூடப் படிக்கிற பெண்ணின் முகம், கண் மூடியபடி, பாதி நிழலில். படத்தின் பெயர் ‘இனி வரமாட்டாள்’. தெருவில் போகிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக அதை அச்சடித்து எங்கள் வீட்டுக் காம்பவுண்டு சுவரிலேயே ஒட்டினான். கீழே ஒரு துண்டுச் சீட்டு: ‘வெள்ளி இரவு 7 மணி, மொட்டை மாடியில்’.

மதுரைக்காரர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: இது சுவரைப் படித்து வாழ்கிற ஊர். காதுகுத்து, சடங்கு, கட்சித் தலைவர் பிறந்தநாள், நடிகர் படம் ரிலீஸ் எல்லாம் சுவருக்கு வந்துவிடும். இதில் கறுப்புக் கட்டம் போட்டு ஒரு முகம் இருந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

அரை மணி நேரத்தில் ஸ்கூட்டரை நிறுத்திய ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “எப்ப எடுக்குறாங்க?” என்று கேட்டார். தெருமுனைப் பூக்கார அக்கா ஆள் அனுப்பி மாலை எத்தனை என்று விசாரித்தார். இஸ்திரி போடுகிறவர் மட்டும் துண்டுச் சீட்டை முழுதாகப் படித்துவிட்டுக் குழம்பிப் போய், “உடம்ப எதுக்குண்ணே மொட்டை மாடியில வச்சிருக்கீங்க?” என்றார்.

சார் தோளில் துண்டோடு வந்தார். துக்க வீடுகளுக்கு முதலில் போய் நிற்கிற மனிதர் அவர். அதைச் சும்மா சொல்லக்கூடாது. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு தழுதழுத்த குரலில், “நேத்துக்கூட நல்லா இருந்துச்சேப்பா புள்ள” என்றார். அந்தப் பெண்ணை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

விஷயத்தைச் சொன்னதும் துண்டை உதறி மடித்துக்கொண்டு சுவருக்குப் போனார். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். மூச்சு வாங்கினார். விரல் எழுந்தது.

“போஸ்டர் பிரமாதம் தம்பி. ஒண்ணே ஒண்ணு. தோற்றம், மறைவுன்னு ரெண்டு தேதியும் போட்டிருந்தீங்கன்னா இன்னும் தத்ரூபமா இருந்திருக்கும்.”

மகன் நொந்துபோனான். எனக்கென்னவோ, ஒரு பேய்ப்பட போஸ்டருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. 1999-இல் அமெரிக்காவில் ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ வந்தபோது, படத்தில் வரும் மூன்று மாணவர்களும் நிஜமாகவே காட்டில் தொலைந்துபோனவர்கள் என்பதுபோல ‘காணவில்லை’ நோட்டீஸ் விநியோகித்தார்கள். அதை நம்பியவர்கள் நடிகையின் அம்மாவுக்கே அனுதாபம் தெரிவித்து அட்டைகள் அனுப்பியதாகச் சொல்வார்கள். அவர்கள் அவ்வளவு பாடுபட்டு, திட்டம் போட்டுச் செய்ததை என் மகன் தற்செயலாகச் செய்துவிட்டான். பூக்கார அக்கா கேட்ட மாலைக் கணக்கை அறிக்கையில் சேர்க்கச் சொன்னேன். அதற்கு ஃபார்மில் இடமில்லை என்றான்.

ஃபார்ம் என்பது ஐந்து கட்டம். 1 என்றால் மோசம், 5 என்றால் அபாரம். இப்படிக் கட்டம் போட்டு மனிதர்களின் மனசை அளக்கிற வழியை 1932-இல் ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் எழுதி வைத்தார். அவர் எங்கள் தெருவுக்கு வந்திருந்தால் ‘நம்ம பையன், அதனால’ என்று ஆறாவது கட்டம் ஒன்றும் போட்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை மாடியில் என் எட்டு முழ வேட்டியைக் கட்டித் திரையாக்கினோம். பதினேழு பேர். டிரெய்லர் ஒரு நிமிடம் ஐம்பது நொடி. கண்மாய்க் கரை, இருட்டு, தனியாகப் போகும் பையன், தண்ணீரிலிருந்து ஒரு கை, வெள்ளைச் சேலை.

இரண்டாவது தடவையும் ஓட்டிக் காட்டிவிட்டுக் கருத்துக் கேட்டான். “இது லேக் வியூ ரோட்டுலருந்து எறங்குற எடம்ல?” என்றார் ஒருவர். “ஆமா, நான் அங்கனதான் தெனமும் உக்காருவேன்” என்றார் இன்னொருவர். பேச்சு கண்மாயில் தண்ணீர் எவ்வளவு, ஆகாயத்தாமரை எவ்வளவு என்று போய்விட்டது. தெரிந்த இடத்தில் யாருக்கும் பேய் பயம் வராது போலிருக்கிறது, கொசு பயம்தான் வரும். என் அம்மா திரையையே உற்றுப் பார்த்து, “அது என் சேலைல்லடா?” என்றார். அதோடு பேயின் மர்மம் தீர்ந்தது.

சார் கடைசியில்தான் எழுந்தார்.

“பேய் பயங்கரமா இருக்கு தம்பி. ஒண்ணே ஒண்ணு. மேலமடையில பாண்டி முனி காவலுக்கு இருக்காரு. அவரத் தாண்டி இந்தப் பேய் கண்மாய்க்குள்ள எப்படி வந்துச்சு?”

மகனிடம் பதில் இல்லை. உண்மையில் அது நியாயமான கேள்வி. வெளிநாட்டுப் பேய்ப் படத்தில் கதவு பூட்டியிருந்ததே, எப்படி வந்தது என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் எல்லைப் பிரச்சினை.

“அந்தக் காலத்துல ‘அதே கண்கள்’னு ஒரு படம். 67-ல வந்துச்சு. எனக்கு அப்ப ஒம்பது வயசு. ஒரு வாரம் தனியா கொல்லப்பக்கம் போகல” என்று தொடர்ந்தார் சார். அதில் பேயே கிடையாது, முகமூடிக் கொலைகாரன்தான் என்று நான் சொல்லவில்லை. ஒன்பது வயதுப் பையனின் பயத்தைத் திருத்த நான் யார்?

மகன் விடவில்லை. 1960-இல் ‘சைக்கோ’ படத்துக்கு ஹிட்ச்காக் எடுத்த டிரெய்லரில் படத்திலிருந்து காட்சிகளைக் கோத்துக் காட்டாமல், அவரே வந்து ஆறு நிமிடத்துக்கு மேல் வீட்டைச் சுற்றிக் காட்டிப் பேசுவார், எதையும் காட்டாமலே பயமுறுத்தலாம் என்று விளக்கினான். சார் பொறுமையாகக் கேட்டார். “நல்ல ஐடியா. அப்ப இந்தக் கை, சேலை எல்லாத்தையும் தூக்கிரு. நீயே வந்து பேசு. ஒண்ணே ஒண்ணு, சட்டைய இன் பண்ணிக்க.”

ஃபார்ம்களைச் சேகரித்தோம். என் மனைவி எல்லாவற்றுக்கும் 5. மகள் எல்லாவற்றுக்கும் 1. அண்ணன் எடுத்த படமாயிற்றே. நண்பர்கள் நாலு பேர் ஆளுக்கு 5, போன வாரம் அவர்கள் படத்துக்கு இவன் போட்ட அதே 5. கடைசிக் கேள்வி, ‘மேம்படுத்த வேண்டியது ஏதேனும் ஒன்று’. அச்சடித்த தாளில் தன் வாழ்க்கையின் வாசகத்தையே பார்த்த சார் ஒரு கணம் நெகிழ்ந்துபோனார். பிறகு பின்பக்கமும் எழுதி, ‘தொடர்ச்சி’ போட்டு, இன்னொரு தாள் கேட்டார். மொத்தம் பதினொன்று. ‘பயம்’ என்ற கட்டத்தில் மட்டும் 1 என்று போட்டு அடிக்கோடிட்டிருந்தார்.

ஆனால் மகன் ஒரு வேலை செய்திருந்தான். 2009-இல் ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’க்கு வந்த டிரெய்லரில் படத்தைவிட, தியேட்டர் இருட்டில் உட்கார்ந்து அலறுகிற ரசிகர்களைத்தான் அதிகம் காட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு இவனும் திரைக்குக் கீழே போனை எங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறான். இரவு அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். தண்ணீரிலிருந்து கை வரும் இடம். சாரின் இரண்டு கால்களும் தரையிலிருந்து எழும்பி, பிளாஸ்டிக் நாற்காலி மேலே போய்ச் சம்மணம் போட்டன. பக்கத்தில் இருந்த என் கையை அவர் பிடித்திருந்தார். நகக்குறி அப்போதும் இருந்தது. இரண்டாவது தடவை ஓட்டியபோது, என்ன வரப்போகிறது என்று தெரிந்தும், கை வருவதற்கு முன்பே காலைத் தூக்கிவிட்டார்.

“எதப்பா ரிப்போர்ட்ல எழுத? கால் சொன்னதையா, கை எழுதுனதையா?”

இரண்டையும் எழுதச் சொன்னேன். பதினேழு ஃபார்மில் நம்பத்தகுந்த தகவல் அந்த இரண்டு கால்தான் என்பது என் கட்சி. மனைவியின் 5, நண்பர்களின் 5, மகளின் 1 எல்லாம் உறவுமுறை.

மறுநாள் காலை பால் வாங்கப் போக வாசலுக்கு வந்தால் என் செருப்பில் ஒரு கால் இல்லை. அதன் இடத்தில் வேறொரு கால், பழுப்பு நிறம், குதிகால் தேய்ந்தது. முந்தின இரவு மாடி விளக்கைப் போடுவதற்குள் எல்லோருக்கும் முந்தி விறுவிறுவென்று படியிறங்கிப் போனவர் யார் என்பது நினைவுக்கு வந்தது.

கேட்டைத் திறக்கும்போது சார் எதிரே வந்துகொண்டிருந்தார். கண்மாயை ஒரு சுற்று சுற்றி முடித்த வியர்வை. இடது காலில் என் நீலம், வலது காலில் அவர் பழுப்பு.

“டிரெய்லர் பிரமாதம்ப்பா, தம்பிகிட்ட சொல்லு” என்றார். மூச்சு வாங்கினார். விரல் எழுந்து, பாதி வழியில் நின்று, கீழே காலைக் காட்டியது.

“ஒண்ணே ஒண்ணு மாறிப்போச்சு.”