முகவாய் வருவதற்குள்...

கேள்வி: ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்கு முந்தைய இன்டர்நெட்டை நினைத்து ஏங்குவதுண்டா?

பதில்: ஏங்காமல்? 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. என்னிடம் அது வந்து சேர்ந்தது சில வருஷம் கழித்து, பிளைவுட் தடுப்பு போட்ட பிரவுசிங் சென்டரில். ஒரு நடிகை படம் நெற்றி, புருவம், மூக்கு என்று தவணைமுறையில் இறங்கும். முகவாய் வருவதற்குள், 'சார், டைம் முடிஞ்சிடுச்சு' என்பார் கடைக்காரர். வீட்டிலேயே கனெக்‌ஷன் வைத்திருந்தவர்கள் பாடு வேறு. மோடம் 'கீ... கர்ர்...' என்று தொண்டையைச் செருமினால், அத்தையின் போனுக்கு லைன் எங்கேஜ்டு. சாட் ரூமில் 'வயது 22, பெண், சென்னை' என்று என்னிடம் உருகியவர் அடுத்த தடுப்பில் இருந்த மீசைக்காரர் என்பது பில் கட்டும்போதுதான் தெரிந்தது. இருந்தாலும், எழுந்து வந்தால் இன்டர்நெட் கடையிலேயே இருந்துவிடும். பாத்ரூம் வரை பின்னாலேயே வராது!